ஒரு நாற்காலிக்கு ஒருவர்

அலுவலகத்தில் அவளை ‘மதில்’ என்பார்கள். யார் முட்டினாலும் அசையமாட்டாள் என்று அந்தப் பெயரை வைத்தவர் முதலாளி. அவளுடைய அக்காள் கணவர். டயாலிசிஸ் மையங்களில் எந்த நேரம் எந்த நாற்காலி எந்த நோயாளிக்கு என்று ஒதுக்கும் மென்பொருளை விற்றுப் பிழைக்கும் நிறுவனம் அது. அந்த மென்பொருளை எழுதியவள் அவள்.

பதிவுகள் சேரும் தரவுத்தளத்துக்குள் எது போகலாம், எது கூடாது என்ற விதிகளை, இணையப் பக்கங்களைக் கட்டும் ஃபிரேம்வொர்க்குக்குள் புதைக்காமல் தனியே வைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சண்டை பிடித்தாள். எதிரில் இருப்பவரை முட்டாளாக்காமல் அவளுக்கு எதையும் சொல்லத் தெரியாது. எரிச்சலும் அவசரமுமாக இருந்த அத்தான், ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான் என்ற விதியை, நோயாளிக்கு நேரம் குறிக்கும் பதிவுப் பக்கத்திலேயே எழுதவைத்தார்.

பிறகு கைபேசிச் செயலி வந்தது. அது பதிவுப் பக்கத்தின் வழியே போகாமல் நேராகத் தரவுத்தளத்தில் எழுதியது. ஒரு காலையில் ஒரே நாற்காலிக்கு இரண்டு நோயாளிகள் வந்து நின்றார்கள். காத்திருக்க வைக்கப்பட்டவருக்கு மூச்சு முட்டியது. வேறு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைத்துக்கொண்டார்.

தவறு அவளுடையது என்று அத்தான் அந்த மையத்திடம் சொல்லிவிட்டார். அவளிடம், அதே விதியை நகலெடுத்துச் செயலியிலும் ஒட்டிவிடச் சொன்னார்.

“ஒட்ட மாட்டேன். நாளைக்கு ஒரு இடத்துல மாத்துவீங்க, இன்னொரு இடத்துல மறப்பீங்க. மறுபடி ரெண்டு பேர் வந்து நிப்பாங்க.”

“நீ சொல்றது சரின்னே வச்சுக்கோ. சரியா இருந்து என்னத்தக் கிழிச்ச?”

விட்டுக்கொடுக்கச் சொல்லி அக்காள் தொலைபேசியில் முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள். ஒப்பந்தத்தை முறிப்போம் என்று மையம் மிரட்டிய பிறகுதான் அத்தான் இறங்கிவந்தார். அவள் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டு, விதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தனியே நட்டாள். நாற்காலி கேட்பது பக்கமா செயலியா என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

அதன்பின் புதிதாக வந்த இருவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறொரு ஃபிரேம்வொர்க்கில் எல்லாப் பக்கங்களையும் மாற்றி எழுதினார்கள். விதிகள் அசையவில்லை. அத்தான் அவளை அறைக்குள் அழைத்தார்.

“நீ இல்லாமலே ஓடுது. இனி உனக்கு இங்க என்ன வேலை?”

“ஓடணும்னுதான் அப்படி எழுதினேன், அத்தான்.”

இதைத் தியாகம் என்று சொல்ல, இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு மனம் வரவில்லை. அவள் யாருக்காகவும் அதைச் செய்யவில்லை. அந்த நோயாளியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் தன்னை வெளியே தள்ள முடியாதபடி மென்பொருளில் நாலு முடிச்சுப் போட்டு வைப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். போடவில்லை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

மேசையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினாள். மாலையில் அக்காள் அழைத்தாள். அவள் எடுக்கவில்லை.