மல்லாவியில் வாங்கிய கத்தி

என் தம்பிக்கு இடது கை இல்லை. கடைசிச் சண்டையில் போய்விட்டது. ஆனாலும் முல்லைத்தீவின் உப்புநீர்க் களப்பில் தனியாகத்தான் வலை போடுவான். சிக்கிய நூலைப் பல்லால் கடித்து அறுப்பான். அப்படிக் கடித்தே போன வருடம் முன்பல் ஒன்றைப் பாதியாக உடைத்துக்கொண்டான்.

அதைக் கேட்டு, கனடாவில் இருக்கும் எங்கள் கடைசித் தங்கச்சி அழுதாள். பெருவிரலால் தள்ளினாலே திறக்கும் மடக்குக் கத்தி ஒன்றை அங்கே ஒரு கொல்லரிடம் செய்விக்கப் போவதாகச் சொன்னாள். இரண்டு வகை உருக்கை அடுக்கி, மடித்து மடித்து அடித்த அலகாம். அந்த அடுக்குகள் அலகின் மேல் வரிவரியாகத் தெரியுமாம். எந்த வரி வேண்டும் என்று எட்டுப் படங்கள் அனுப்பினாள்.

ஒன்றில் மயிற்கண், இன்னொன்றில் கூறைச் சேலைக் கரை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"உதுகளை அவன் தொடுவானே? போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பின சப்பாத்தை அடுத்த வீட்டுக்குக் குடுத்தவன். தனக்கு ஒருத்தரும் பாவம் பாக்கத் தேவையில்லையாம்."

கடைசிப் படத்தைத் தெரிவு செய்தேன். சும்மா பார்த்தால் வெறும் இரும்பு. வெளிச்சத்தில் சரித்தால் மட்டும், களப்பு வற்றிய மணலில் கிடக்கும் கோடுகள் போல மெல்லிய வரிகள் தெரிந்தன.

"வரி தெரியவே தெரியாதே அக்கா?" என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

"தெரியாதபடியாத்தான் இதை எடுத்தனான்."

வவுனியாவுக்கு வந்த ஒருவரிடம் கத்தியைக் கொடுத்தனுப்பினாள். நான் மல்லாவியில் வேலை பார்ப்பவள், சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவேன். மல்லாவியிலேயே ஒரு கடையில் வாங்கியதாகச் சொல்லித் தம்பியிடம் நீட்டினேன். திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பிறகு சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான். பொய் சொன்னதற்காக எனக்குத் துளிகூட வருத்தமில்லை. சந்தோசத்தில் அன்று இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தேன்.

இரண்டு கிழமை கழித்துச் சனிக்கிழமை வந்தபோது அவன் கிணற்றடியில் குந்தியிருந்தான். கத்தியின் பிடியைக் காலால் அமத்திக்கொண்டு, செங்கல் தூளும் தேங்காய்த் தும்பும் போட்டு அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்கள் தந்த கத்தி உப்புத் தண்ணியில கறை பிடிச்சிட்டுது. கோடுகோடாக் கிடந்துது. நீங்கள் பாத்தா மனம் நோவியள் எண்டு காலமை துவங்கித் தேய்ச்சு எல்லாத்தையும் எடுத்திட்டன்."

அலகு பளபளத்தது. ஒரு வரிகூட மிச்சமில்லை. பெரிதாகக் கத்த வாயெடுத்தேன். அவன் நெற்றியில் வழிந்த வியர்வையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் நாங்கள் தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் தங்கச்சி வீடியோ கோல் எடுத்தாள். கத்தியைப் பார்க்கத்தான் எடுத்திருக்கிறாள் என்று தெரியும். நான் போனோடு குசினிக்குள் நழுவுமுன் தம்பி அதை வாங்கிக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு, கத்தியைத் திறந்து காட்டினான்.

"அக்கா மல்லாவியில வாங்கித் தந்தவா. இப்ப பல்லுக்கு வேலையில்லை. பாத்தியே, என்ன மினுக்கம்! நான்தான் தேய்ச்சனான்."

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து அலகில் வரிகளைத் தேடினாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரியைத் தெரிவு செய்தவளும் பொய் சொன்னவளும் நான்தானே.

"ஓம் அண்ணா," என்றாள். "அக்காவுக்கு நல்ல கத்தி பாத்து வாங்கத் தெரியும்."