இடது காலுக்கு இரும்பு

ஓமான் நாட்டு சோஹாரில் நான் வெல்டர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பைக் பந்தயக்காரன். நாங்கள் ஓட்டிய பைக்குக்குப் பிரேக் கிடையாது. வட்டமான மண் டிராக்கில் இடது பக்கமாகவே திரும்பிப் பறக்க வேண்டும். வளைவில் இடது காலைத் தரையில் தேய்த்துத்தான் சமாளிப்போம். அதற்காக அந்தப் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டுவோம். எங்கள் பந்தய கிளப்பில் எல்லோருக்கும் அளவெடுத்துத் தகடு அடித்துக் கொடுத்தவன் நான்.

வெளியிலிருந்து ரைடர் கொண்டுவர கிளப்புக்கு வக்கில்லாத காலத்தில், செயலாளர் எங்கள் தொழிலாளர் கேம்புக்கே வந்து ஆள் பிடித்தார். சிக்கியவன் நான். ஒரு சீசன் முழுக்கக் காசு வாங்காமல் ஓட்டினேன். தோள்பட்டை நழுவியது அதில்தான். பிறகு ஒரு டயர்க் கடைக்காரர் ஸ்பான்சராக வந்தார். அடுத்த மாதமே ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கினான். செயலாளர் எல்லா ரைடர்களுக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"ஏய் வெல்டரு, இனிமே நீ வெல்டிங்கை மட்டும் பாரு. ரேஸெல்லாம் முடிஞ்சுது, கலாஸ்."

என் தகட்டைக் கழற்றி வெள்ளைக்காரன் பூட்ஸுக்கு மாட்டச் சொன்னார். மாட்டினேன். இரு, உனக்கு இருக்கு என்று செயலாளரைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறு வருடம் டயர்க் கடைக்காரர் கையை விரித்தார். வெள்ளைக்காரன் ஊருக்குப் போய்விட்டான். நாலு ரைடர் இல்லாத கிளப்பைப் போட்டியை விட்டே நீக்கிவிடுவார்கள். மிஞ்சியது மூன்று பேர். ஒரு சாயங்காலம் செயலாளர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, என் ரூம் வாசலில் ஷூவைக் கழற்றினார்.

"தம்பி, நீதான்பா கிளப்பைக் காப்பாத்தணும்."

தம்பியாம்!

"வெள்ளிக்கிழமை டிராக்குக்கு வர்றேன் சார். தகடு மட்டும் புதுசா அடிக்கணும்" என்றேன். அவர் ரூம்காரர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே கிடந்த அவருடைய இடது ஷூவை அட்டையில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, பந்தயத்துக்கு முன்னால், பேப்பரில் சுற்றிய தகட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"போட்டுப் பாருங்க சார். உங்க அளவுதான். நாலாவது ஆளா நீங்களே ஓட்டுங்க."

பக்கத்துக் கிளப்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்தது.

"விளையாடாதே தம்பி, நேரமில்ல."

"நான் வெல்டரு சார். வெல்டிங்கை மட்டும்தான் பாப்பேன்."

அன்றே போட்டிப் பட்டியலில் கிளப்பின் பெயரை அடித்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் அப்புறம் என்னோடு பேசவில்லை. அவர்களுக்காக வருத்தம் உண்டு. எனக்கும் அதோடு பைக் போயிற்று. ஆனாலும் அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்குகிறது.