நகருங்க, அடுத்த ஆளு வரட்டும்

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு நிறக் கோட்டு தொங்குகிறது. முதுகில் வெள்ளை எழுத்தில் ‘முதலுதவி’ என்று போட்டிருக்கும். வருடத்தில் ஒரு நாள் நான் அதை மாட்டிக்கொள்கிறேன். மற்ற நாட்களில் அதன் மேல் ஈரத்துண்டு காய்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்ட காலையில், யாராவது ஒரு புண்ணியவானுக்கு என் கண்ணெதிரே மாரடைப்பு வரவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். கொலைகாரன்கூட ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவான். எனக்கு யாராக இருந்தாலும் சம்மதமாக இருந்தது.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் ஒரு ரப்பர் பொம்மை. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றுக்கு நிதி திரட்ட, சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்காசிக் கோயில் வாசலிலிருந்து குற்றாலம் வரை ஊர்க்காரர்கள் நடப்பதுண்டு. என்னையும் நடக்கக் கூப்பிட்டார்கள். முட்டி சரியில்லை என்றேன். அப்படியானால் முதலுதவிப் பந்தலில் உட்காருங்கள் என்றார்கள். நடக்க முடியாதவன்தான் நடப்பவர்களைக் கவனிக்கத் தகுதியானவன் என்று யார் முடிவு செய்தார்களோ. கல்யாண மண்டபம் ஒன்றில் அரைநாள் பயிற்சி. கையும் காலும் இல்லாத அந்தப் பொம்மையின் நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்க வேண்டும். நான் அழுத்தியதைப் பார்த்து, பயிற்சி கொடுத்த இளம் டாக்டர், “சார் நல்லா அழுத்துதாங்க, எல்லாரும் பாத்துக்கோங்க” என்றார். ஐம்பது வயதுவரை உடலால் செய்கிற எந்த வேலைக்கும் என்னை யாரும் பாராட்டியது கிடையாது. வீட்டுக்கு வந்து தலையணையை அழுத்திப் பார்த்தேன். இதயத்தைப் பற்றி இரண்டு புத்தகம் வாங்கிப் படித்தேன். இனி ஒரு நிஜ நெஞ்சுதான் பாக்கி.

அந்த நெஞ்சு என் அத்தானுடையதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அத்தான் என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் சீசனுக்குச் சீசன் அவருக்குப் பேரருவியில்தான் பந்தோபஸ்து. அருவிக்கடியில் போய் நின்றவன் தானாக வெளியே வந்ததாக வரலாறு இல்லை. பின்னால் வரிசை நனைந்துகொண்டே நிற்கும். அத்தான் பாறை ஓரத்தில் நின்று, அருவி இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் கொடுப்பார்: “நின்னது போதும், நகருங்க, அடுத்த ஆளு வரட்டும்.” கூட்டம் நகர்ந்துவிடும். ஓய்வுக்குப் பிறகும் அந்த வாசகம் அவரை விட்டுப் போகவில்லை. பந்தியில் ரசத்துக்குப் பிறகும் இலையை விட்டு எழாதவர்களிடம் சொல்வார். சந்நிதியில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருப்பவர்களிடம் சொல்வார். என் கல்யாண மேடையில், போட்டோவுக்கு நின்றுகொண்டே இருந்த என் சொந்தச் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அவருக்கு இருந்த இன்னொரு நம்பிக்கை வாய்வு. உலகத்தில் இருப்பது ஒரே நோய், அது வாய்வு. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். முட்டியில் பிடித்தால் வாய்வு, முதுகில் பிடித்தால் வாய்வு, மனசு சரியில்லை என்றால் அது மேலே ஏறின வாய்வு. ஒரு கோலி சோடா, ஓர் ஏப்பம், கேஸ் முடிந்தது. நான் படித்த இரண்டு புத்தகங்களைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னபோது, “அதுல வாய்வப் பத்தி என்ன போட்டிருக்கான்?” என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன். “பொறவு என்ன புக்குலே அது” என்று முடித்துக்கொண்டார்.

எங்கள் பந்தலை ஐந்தருவிக்குப் பிரிகிற சாலை முனையில் போட்டிருந்தார்கள். ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, பஞ்சு, கட்டுத்துணி, வலிக்கு அடிக்கிற ஸ்பிரே. சற்றுத் தள்ளி ஓர் ஆம்புலன்ஸ். நான் கோட்டோடு நின்றேன். மாரடைப்பு வரவில்லை. கெண்டைக்கால் வலிதான் வந்தது. நடந்து பழகாத ஊர் அன்று ஒருநாள் நடந்து, நேரே என் முன்னால் வந்து காலை நீட்டியது. வங்கி மேலாளர் கால், வக்கீல் கால், செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டே என்னிடம் ஒப்படைக்கப்பட்ட கால். ஸ்பிரே சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் பச்சை நிறத்தில் மூலிகைத் தைலம் விற்றார்கள். அதை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

குற்றாலத்தில் ஒருவன் கையில் எண்ணெயோடு நின்று அடுத்தவன் காலைத் தேய்த்தால் அவனுக்குப் பெயர் முதலுதவிக்காரன் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதற்காகவே பஸ் ஏறி வருகிற ஊர் அது. நடைபயணத்துக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள், தோளில் துண்டோடு என் முன்னால் வரிசை கட்டினார்கள். வந்தவர்கள் என் முதுகில் இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். சுரண்டையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மாள் நேரடியாகவே விசாரித்தாள்.

“எய்யா, காலுக்கு மட்டுந்தானா, தலைக்கும் உண்டுமா?”

“இது முதலுதவிம்மா. அடிபட்டவங்களுக்கு.”

“எனக்கும் முட்டி அடிபட்ட முட்டிதான். காசு எவ்வளவு?”

“காசெல்லாம் கிடையாது.”

சொல்லியிருக்கக் கூடாது. அந்த அம்மாள் திரும்பி, “ஏட்டி, காசு கிடையாதாம், அவளையும் இங்கன வரச் சொல்லு” என்று குரல் கொடுத்தாள். வரிசை அருவிப் பக்கம் வரை நீண்டது. இடுப்பு விட்டுப்போயிற்று. மனிதகுலத்தின் மீது எனக்கு இருந்த பொதுவான அன்பு முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலாகத் தேய்ந்துகொண்டிருந்தது. எப்போது கடைசி ஆள் வருவான், கோட்டைக் கழற்றலாம் என்பது மட்டும்தான் அப்போது என் ஆசை.

நடந்து வந்தவர்களில் கடைசி ஆளாக அத்தான் வந்தார். நடக்கப் போகவேண்டாம் என்று அக்கா தடுத்திருந்தாள். கேட்கவில்லை. வெள்ளைப் பனியன், காக்கிக் காலத்து பூட்ஸ். வந்தவர் வரிசையைத் தாண்டி நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையைத் தாண்டுகிற ஆளே இல்லை அவர். அதிலேயே எனக்கு என்னமோ போல் ஆயிற்று. காலை நீட்டினார். பழக்கதோஷத்தில் நானும் தைலத்தை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. காற்று குளிர்ந்து வீசியது. அவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. முகம் சாம்பல் பூத்திருந்தது. ‘குளிர்ல வேர்த்தா சும்மா விட்டுராதீங்க’ என்று அந்த இளம் டாக்டர் சொன்னது காதில் கேட்டது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் காலையில் கடவுளிடம் விட்டிருந்தேன். அவர் தேர்ந்தெடுத்துவிட்டார்.

“அத்தான், நெஞ்சு வலிக்கா?”

“வாய்வுடே. ஒரு சோடா வாங்கிட்டு வரச்சொல்லு.”

“ஆம்புலன்ஸ்ல ஏறுங்க. ஒரு ஈசிஜி பாத்துருவோம்.”

“ஏலே, எத்தனை பேரத் தூக்கி ஆம்புலன்சுல போட்டவன் நான். என்னைய நீ ஏத்துதியா?”

சாலை முனையில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். வரும்போதே சல்யூட் வைத்திருந்தார்கள். அவர்கள் பார்க்க ஸ்டிரெச்சரில் படுப்பதைவிட நாற்காலியிலேயே சாவது மேல் என்று அத்தான் முடிவு செய்திருந்தது எனக்குப் புரிந்தது. நான் கெஞ்சினேன். ஆம்புலன்ஸ் பையன்கள் வந்து கெஞ்சினார்கள். அவர் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. நான் அக்காவை நினைத்தேன். காலையில் வேண்டிக்கொண்டதை நினைத்தேன். பொம்மைக்கு வாய் கிடையாது. அது எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசுகிற நெஞ்சை என்ன செய்வதென்று அந்த அரைநாளில் சொல்லித் தரவில்லை.

அப்போது, இரண்டாம் முறையாக வந்து வரிசையின் முன்னால் நின்ற சுரண்டை அம்மாள் பொறுமை இழந்தாள். அவளுக்கு நெஞ்சும் தெரியாது, சப்-இன்ஸ்பெக்டரும் தெரியாது. முறை தவறி வந்த ஒரு பெரிய மனிதர் தேய்த்து முடித்த பிறகும் நாற்காலியை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, தேச்சு முடிச்சாச்சுல்லா? நகருங்க, அடுத்த ஆளு வரட்டும்.”

அத்தான் அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை ஒருமுறைகூட அவரிடம் சொல்லப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். நாற்காலிக் கையிலிருந்து விரல்கள் விட்டன. எழுந்தார். தடுமாறியவரை நானும் ஒரு பையனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். ஆம்புலன்ஸ் வரை மறுபேச்சுப் பேசாமல் வந்தார். ஏறும்போது மட்டும் என்னிடம், “வரிசைய மறிக்கப்பிடாதுல்லா” என்றார்.

தென்காசி ஆஸ்பத்திரி வரும்வரை எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெஞ்சை அழுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. வராதிருக்க வேண்டுமே என்று இப்போது தலைகீழாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. அவர் காலைத் தேய்த்துக்கொண்டே போனேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். அதைச் சொன்ன டாக்டர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, தைலக்கடையில் வேலையா என்று கேட்டார். அவ்வளவு வாசனை.

பிழைத்து வந்த பிறகும் அத்தான் கட்சி மாறவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “வாய்வுக்கு ஸ்பிரிங் வச்சு அனுப்பிட்டானுவ” என்றே சொன்னார். யார் காப்பாற்றியது என்று கேட்டால், “சுரண்டைக்காரி ஒருத்தி” என்பார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். என் பெயரை நானே சொல்லிவிடாமல் இருப்பதற்காகக் காபியைக் குடித்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகு அவர் சில சாரல்களைப் பார்த்தார். அருவியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தள்ளி நின்று பார்த்தார். போன பங்குனியில் போய்ச்சேர்ந்தார். இம்முறை நெஞ்சல்ல, நுரையீரல். கூடத்தில் கிடத்தியிருந்தபோது மாலையோடு வந்தவர்கள் தலைமாட்டிலேயே நின்றுவிட, வாசல் வரை வரிசை தேங்கி நின்றது. நகரச் சொல்ல ஆளில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வருடமும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஸ்பிரே பெட்டி பெட்டியாக வந்திருந்தது. தைலம் வாங்க அவசியம் வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று காலையிலேயே வேண்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது தேய்ப்பதைவிடக் களைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது அக்கா வந்திருந்தாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கோட்டை மாட்டினேன். இத்தனை வருடம் கேட்காமல் இருந்ததை, இனி கேட்டாலும் யாரும் கேலி செய்யப்போவதில்லை என்ற தைரியத்தில் கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு ஆம்புலன்சுல கூட்டிட்டுப் போனதப் பத்தி அத்தான் எப்பமாவது என்னையப் பத்தி ஏதும் சொன்னாவளா?”

அக்கா தன் கையிலிருந்த ஈரத்துண்டை உதறி அந்தக் கோட்டின் மேல் விரித்துப் போட்டாள்.

“சொன்னாவ. எண்ணெ தேய்க்க உனக்குக் கை வாகு பத்தாதுன்னு சொன்னாவ.”