பண்டாரவளையில் குளிர்ந்துபோன கடல்

போன வாரம் பதுளையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு மூடி தேடிப் போனது, அது கிடைக்கவில்லை. ஆனால் கடையின் மூலையில், ஏதோ ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கழற்றி வந்த மெட்டல் ஹலைட் விளக்குகள் குவிந்து கிடந்தன. எல்லா இடத்துக்கும்தான் எல்.ஈ.டி. வந்துவிட்டதே, இவற்றை இனி யார் சீண்டப்போகிறார்கள்? ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் வெந்துபோன தூசியின் வாசனை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அந்த வாசனைக்கும் எனக்கும் ஆறு வருடப் பழக்கம்.

அப்போது எனக்குப் பண்டாரவளையில் ஒரு மின்சாமான் கடையில் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் டாக்டரம்மாவின் பல் வைத்தியசாலைக்குப் போவேன். பல் பிடுங்க அல்ல. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அவர் ஒரு கடல் தொட்டி வைத்திருந்தார். ஆறடி நீளம், உள்ளே உயிருள்ள பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். கடலே தெரியாத மலையூரில் எதற்கு இப்படி ஓர் ஆசை என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் வலியை மறப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அது பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

தண்ணீர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெலிமடையிலிருந்து கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றி மொனராகலை வழியாகக் கிழக்குக் கரைக்கு இறங்கும் லொறி ஒன்று இருந்தது. திரும்பி வரும்போது அதே லொறியில் கேன் கேனாகக் கடல் நீர் வரும். "கோவாவ எறக்கிட்டுக் கடல ஏத்திட்டு வந்திருக்கேன், புடிங்க தம்பி" என்பார் டிரைவர். ஒருமுறை நானும் அந்த லொறியில் போய்ப் பொத்துவிலில் முதன்முதலாக நிஜக் கடலைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எங்கள் தொட்டி இதைவிடச் சுத்தம்.

எங்கள் தொட்டி. பார்த்தீர்களா, இப்போதும் அப்படித்தான் வாயில் வருகிறது. விளக்குகள் இரண்டையும் சங்கிலியில் தொங்கவிட்டவன் நான். அந்த விளக்கு சுவிட்சைப் போட்டதும் எரியாது. முதலில் ஊதாவாக முனகும், பிறகு நீலம், பிறகு மெல்ல மெல்லக் கண்ணைக் கூசுகிற வெள்ளை. கரண்ட் போய் உடனே வந்தாலும், சூடு ஆறும்வரை மறுபடி பற்றாது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். தண்ணீருக்குள் வெளிச்சம் நெளிந்துகொண்டே இருக்கும். அதன் கீழே என்னுடைய சுத்தியல் பவளம். நுனி ஒவ்வொன்றும் குட்டிச் சுத்தியல் தலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கொழும்பிலிருந்து வந்தபோது கட்டைவிரல் அளவு. ஆறு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு விரிந்துவிட்டது. பச்சை நிறம். வந்தவர்கள் எல்லாம் "இத யாரு வளக்கிறா?" என்று கேட்பார்கள். டாக்டரம்மா என்னைக் காட்டுவார். நான் ஒன்றும் கேட்காதவன் போல கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன், ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப.

இன்னொன்று. பண்டாரவளைக் குளிர் உங்களுக்குத் தெரியும். கொழும்பில் இந்த விளக்கு வைத்தால் தண்ணீர் சுட்டுவிடும், அதைக் குளிராக்கத் தனி மெஷின் வேண்டும். இங்கே அந்தச் சூடுதான் தொட்டியைக் காப்பாற்றியது. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் எதுவும் நாங்கள் போடவில்லை; தேவைப்படவில்லை. பகலெல்லாம் விளக்கு சூடேற்றும். சாயங்காலம் விளக்கை அணைத்ததும் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி மூடிவிடுவேன்; மற்ற நாட்களில் வைத்தியசாலையைப் பூட்டுகிறவர் மூடுவார், எதற்கென்று அவரும் கேட்டதில்லை. எங்கள் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் போட்டுப் போன தோட்டத்துக் கம்பளிதான், இரண்டைச் சேர்த்துத் தைத்தது. சனிக்கிழமை காலையில் போய்க் கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் சேவியர் வந்து சேர்ந்தான். நாங்கள் இருவரும் பசறைப் பக்கம் ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததும் ஒரே வாங்கு. கொழும்பில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். பள்ளிக்கூடக் காலத்திலேயே அவன் மேல் எனக்கு ஆகாது. காரணம் கேட்டால் வெட்கக்கேடு: அவன் எதையும் முயலாமலே நன்றாகச் செய்வான், செய்துவிட்டு அதை மறந்தும் போவான். நானோ மார்க்கை நாலு தடவை கூட்டிப் பார்க்கிற ஆள்.

பல்லைக் காட்ட வந்தவன் தொட்டியைப் பார்த்தான். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது டாக்டரம்மாவும் அவனும் தொட்டி முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் தேத்தண்ணிக் கோப்பை. பூப்போட்ட கோப்பை. ஆறு வருடமாக எனக்கு வந்ததும் அதே கோப்பைதான், ஆனால் அவன் கையில் பார்த்ததும் வயிறு எரிந்தது.

"இந்த லைட்டெல்லாம் பழசு டாக்டர். வருசா வருசம் பல்ப மாத்தணும், கரண்ட இழுக்கும். எல்.ஈ.டி. போட்டா கலரு இன்னும் தூக்கலா தெரியும்" என்றான் சேவியர்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதை நீங்க முன்னாடியே சொல்லலையே?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது கன்னத்தில் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை சேவியர் இரண்டு பலகை விளக்குகளோடு வந்தான். "பழசை நீயே கழட்டுடா, நீ மாட்டுனதுதானே" என்றான். இன்று யோசித்தால் அது மரியாதை. அன்று எனக்கு அது நக்கலாகத் தெரிந்தது. கழற்றினேன். புது விளக்கு சுவிட்ச் போட்ட கணமே எரிந்தது, முனகலும் இல்லை, ஊதாவும் இல்லை. என் பவளம் அந்த நீல வெளிச்சத்தில் தானே எரிவது போல் பச்சையாக மின்னியது. நான் ஆறு வருடத்தில் அதை அவ்வளவு அழகாகக் காட்டியதில்லை. நோயாளிகள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அப்போது சேவியர் மூலையில் மடித்து வைத்திருந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தான். "என்னடா இது, மீனும் பெரட்டுக்குப் போவுதா?" பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்க வரிசையாக நிற்பது. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும்.

நான் அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். புது விளக்கு சுடாது, ஹீட்டர் போடணும் என்று. நாக்கு நுனி வரை வந்தது. மார்கழி மாதம் வேறு, வெளியே மழையும் பனியும். சேவியருக்கு அது தோன்றவே இல்லை. கொழும்பில் அவன் தண்ணீர் சூடாகாமல் பார்த்தே பழகியவன். எனக்குத் தெரியும். தெரிந்தும் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படட்டும் என்று நினைத்தேன். பட்டால் முதலில் போவது என் பவளம்தான் என்பதும் எனக்குத் தெரியும். பொறாமை அந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை.

மூன்று நாள் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. புதன்கிழமை பொறுக்க முடியாமல் பல் வலி என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், கடைவாய்ப் பல் ஒன்று நிஜமாகவே சொத்தை என்றார். பிடுங்கியும் விட்டார். நடிக்கப் போய் ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு வந்த ஆள் எங்கள் மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தேன். சேவியர் அங்கே குந்தியிருந்தான். சுத்தியல் பவளம் சுருங்கி, நடுவே வெள்ளை எலும்பு தெரிந்தது. கண்ணாடியைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

"வெளிச்சம் கூடிப்போச்சு போலடா. பாதியா கொறச்சிட்டேன், அப்பவும் சுருங்குது" என்றான். பிறகு டாக்டரம்மாவிடம், "என் தப்புதான் டாக்டர். நல்லா இருந்தத கெடுத்துட்டேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "ஒனக்கு ஏதாச்சும் தோணுதாடா? நீதானே வளத்த."

நான் வாயைக் காட்டினேன். பஞ்சு இருக்கிறது, பேச முடியாது என்று சைகை. பஞ்சைத் துப்ப எவ்வளவு நேரம்? பக்கத்து மேசையில் பேனாவும் கடதாசியும் இருந்தன. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் பல் வலியா என்று கேட்கிற அளவுக்கு அழுதிருக்கிறேன்.

மறுநாள் காலை கடையிலிருந்து இரண்டு ஹீட்டர்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் சூடாகச் சாயங்காலம் ஆனது. மீன்கள் பிழைத்தன, மற்றப் பவளங்களில் பாதி பிழைத்தது. என்னுடையது பிழைக்கவில்லை. அடுத்த வாரம் அது தசை உரிந்து, நாற்றமெடுத்து, வெறும் கல்லானது. நானே கையை விட்டு எடுத்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. டாக்டரம்மா வருகிற நோயாளிகளிடமெல்லாம், "தம்பிதான் கண்டுபிடிச்சார், தண்ணி குளிர்ந்து போச்சுன்னு. இல்லாட்டி எல்லாம் போயிருக்கும்" என்றார். பூப்போட்ட கோப்பை எனக்கே திரும்பி வந்தது. சேவியர் என் தோளைப் பிடித்து, "நல்ல வேள நீ இருந்த" என்றான். பிறகு அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். தை முடிவதற்குள் கொழும்புக்கே திரும்பிவிட்டான். நான் விரும்பியது எல்லாம் கிடைத்துவிட்டது.

இப்போது அந்த வைத்தியசாலை இல்லை. அதே அறையில் போன் கடை. டாக்டரம்மா காலமாகிவிட்டார், தொட்டியை யாரோ நுவரெலியாப் பக்கம் ஹோட்டலுக்கு வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். கடல் நீர் கொண்டு வந்த லொறியும் ஓடுவதில்லை. மெட்டல் ஹலைட் விளக்கை இனி நீங்கள் பார்க்க வேண்டுமானால் இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும்.

சேவியர் மட்டும் இருக்கிறான். கட்டாரில் ஒரு பெரிய மீன் காட்சியகத்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை போனில் குரல் பதிவு அனுப்புவான். போன மாதம் அனுப்பியதில் பின்னால் யார் யாரோ பேசும் சத்தம். "கூட வேல செய்றவங்க எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்கடா. ஒன்னப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஊர்ல எனக்கொரு கூட்டாளி, நான் செஞ்ச தப்ப அவன்தான் சரி பண்ணுனான், ஒரு வார்த்த என்னைய கொற சொல்லலன்னு."

அதை நான் பல தடவை கேட்டுவிட்டேன். சேவியர் மேல் எனக்கிருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. அவன் சொல்கிற அந்தக் கூட்டாளி மேல்தான் இப்போது பொறாமையாக இருக்கிறது.