வாலில் ஒட்டிய ஒன்று

போன செவ்வாய்க்கிழமை திட்டக்குடியிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியன் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி. கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தார். இரண்டாகப் பிளந்த பீங்கான் ஃபியூஸ் கட்டை!

"சொருகினேங்க... பட்டுனு தெறிச்சுது. கொஞ்சம் தப்பியிருந்தா கண்ணு போயிருக்கும். இதான் நீங்க டெஸ்ட்டு பண்ணி அனுப்புற லட்சணமா?"

அந்தக் கட்டையோடு சேர்ந்து சுட்ட மொத்தச் சரக்கும், அதாவது அந்த லாட், சூடு தாங்கும் டெஸ்ட்டில் ஃபெயில். வெளியே சோதித்துத் தரும் ஆய்வகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. எங்கள் கம்ப்யூட்டர்தான் 'பாஸ்' என்று காட்டிப் பெட்டிகளை வண்டி ஏற்றிவிட்டது.

யார் செய்த வேலை? நான் செய்த வேலை. இதை வாய் திறந்து சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

சென்னையில் முப்பது வருஷம் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு விருத்தாசலத்தில் வந்து உட்கார்ந்தவன் நான். தணிகாசலம் என்பவரின் செராமிக் யூனிட்டுக்கு ஆலோசகர். அங்கே புரோகிராம் எழுதுபவர் கலைவாணி. கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ஒரு குழந்தை, படுத்த படுக்கையாக மாமனார். அந்த வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர்தான்.

எங்கள் புரோகிராம் இரண்டு இடங்களைக் கேள்வி கேட்கும். ஒன்று ஆய்வகம். இன்னொன்று பார்சல் கம்பெனி. கேட்பதற்கான புரோகிராமை நாம் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. அவர்கள் தரும் விவரக் கோப்புகளைக் கொடுத்தால் ஒரு டூலே எழுதித் தந்துவிடும்.

வந்தது சிக்கல். இரண்டு இடத்திலும் கேள்விக்கு ஒரே பெயர் – 'ஸ்டேட்டஸ்'. லாட் நம்பரைக் கொடுத்தால் ஆய்வகம் சரக்கு தேறியதா என்று சொல்லும். பார்சல் கம்பெனி வண்டி தயாரா என்று சொல்லும். இரண்டும் 'சரி', 'இல்லை' என்றுதான் பதில் தரும்.

ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் டூல் என்ன செய்யும்? முதலில் படித்ததை 'ஸ்டேட்டஸ்' என்று விட்டுவிடும். அடுத்ததன் வாலில் ஓர் எண்ணை ஒட்டிவிடும். நாங்கள் ஆய்வகக் கோப்பை முதலில் கொடுத்தோம்; அது 'ஸ்டேட்டஸ்', பார்சல் கம்பெனி 'ஸ்டேட்டஸ்1'. தீர்ந்தது பிரச்சினை!

கலைவாணி அன்றைக்கே கேட்டார். "சார், லேப் ஸ்டேட்டஸ், பார்சல் ஸ்டேட்டஸ்னு நாமளே தனித்தனியா பேரு வச்சிரலாமா? ஒரே சூளையில நாலு யூனிட்டு சாமான் வேவுது. அடியில அவங்கவங்க யூனிட்டு அடையாளம் போட்டுத்தான உள்ள அடுக்குறாங்க? ஒண்ணு, ரெண்டுனா போடுறாங்க?"

நான் சிரித்தேன். "நான் பாக்காத புரோகிராமாம்மா? முப்பது வருஷமா இப்படித்தான் ஓடுது. விடு."

போன மாதம் பார்சல் கம்பெனி தன் கோப்பை மாற்றியது. கலைவாணி சாப்பிடப் போயிருந்தார். அவர் கம்ப்யூட்டரில், அவர் லாகினிலேயே டூலை மறுபடி ஓட்டினேன். பார்சல் கோப்பை முதலில் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான்... அந்த 1 இடம் மாறி ஆய்வகத்தின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது. ஓர் எரர்கூட வரவில்லை. எங்கள் புரோகிராமோ பழையபடி 'ஸ்டேட்டஸ்' என்றே கேட்டது; அன்றிலிருந்து, 'சரக்கு தேறியதா?' என்ற கேள்வி பார்சல் கம்பெனிக்குப் போனது. அவர்கள் வண்டி தயாராக இருந்தது. 'சரி' என்றார்கள். 'வண்டி தயாரா?' என்பதற்கு ஆய்வகம் சொன்ன 'இல்லை'யை யாரும் பார்க்கவில்லை; வண்டிதான் வாசலில் நிற்கிறதே.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எலெக்ட்ரீஷியன் போனதும் தணிகாசலம், யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யாரும்மா இதைத் தொட்டது? உன் பேருதான் இருக்குது இதுல!"

"நான் தொடலைங்க." கலைவாணி என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"பின்ன பேயா வந்து தொட்டுச்சு? நாளையிலேருந்து வர வாணாம். போ."

வியாழக்கிழமை காலையில் தணிகாசலத்திடம் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்!

"வுடுங்க சார். வயசானா மறதி வர்றதுதான். யாருப்பா அங்க... சாருக்கு ஒரு டீ சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. செய்யாதவருக்கு வேலை போகிறது. செய்தவனுக்கு டீ வருகிறது! என்ன நியாயம் இது? நரைத்த தலைக்கு மறதி, கலைவாணிக்கு மட்டும் குற்றமா? எனக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திமிர். கேட்டவர் சரியாகத்தான் கேட்டார் என்று தெரிந்தும், பெயர் வைக்கச் சோம்பல்பட்ட திமிர். சென்னையில் இதுபோல் எத்தனை 1, 2, 3 ஒட்டிவிட்டு வந்தேனோ... யார் யார் திட்டு வாங்கினார்களோ!

டீயைத் தொடவில்லை. "சரக்கு போன கடைக்கெல்லாம் உடனே ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு கம்மாபுரம் பஸ் ஏறினேன்.

கலைவாணி வாசலிலேயே நிறுத்தினார். "ரெண்டு நாளு வாயில என்ன சார், கொழுக்கட்டையா?"

"தப்புதாம்மா. வேலைக்கு வா."

"மொதலாளியே போன் பண்ணிக் கூப்பிடட்டும். அப்புறம் இன்னொண்ணு. பேரு நான்தான் வெப்பேன்."

தணிகாசலம் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்று செய்யவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்த கலைவாணி, இரண்டு ஸ்டேட்டஸுக்கும் அதனதன் பெயரை வைத்தார். புரோகிராமின் மேலே ஒரு குறிப்பும் எழுதினார்: 'வாலில் நம்பர் ஒட்டாதே. ஒட்டச் சொன்னவர்' – பக்கத்தில் என் முழுப் பெயர், இனிஷியலோடு.

"ரொம்ப ஓவரா இருந்தா அழிச்சிரட்டுமா சார்?"

இருக்கட்டும் என்றேன். செவ்வாய்க்கிழமையே அங்கே இருந்திருக்க வேண்டிய பெயர்.