எந்தச் சாமிக்கு இந்த விரதம்?

தொண்ணூறுகளின் கடைசியில் மல்லேஸ்வரத்தில், ஒரு காபித்தூள் கடைக்கு மேல் மாடியில் என் மனநல ஆலோசனை அறை இருந்தது. சிவாஜிநகர் துணிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் பெண் ஒருத்தி வாராவாரம் பஸ் பிடித்து வருவாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து வயிறு வலிக்கும்வரை தின்பாள். நிறுத்த நினைத்தாலும் கை நிற்காது. அப்புறம் அழுவாள். இரண்டு மாதத்தில் தம்பிக்குக் கல்யாணம். "நான் போகலை மேடம். பந்தியில உக்காந்தா என் கை என்ன பண்ணுமோன்னு பயமா இருக்கு," என்றாள். கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்கே போகாத அக்கா!

ஒரு நோட்டைக் கொடுத்து, சாப்பிடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். ஒளிக்காமல் எழுதினாள். செவ்வாய்க்கிழமை: பதினோரு சப்பாத்தி, அரை டப்பா மைசூர்பாகு, தம்பிக்கு எடுத்து வைத்த பிரியாணி. நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, அன்றைக்கு யார் திட்டினார்கள், என்ன துக்கம் என்று துருவித் துருவிக் கேட்டேன். திங்கள், வியாழன், சனி பக்கங்களில் 'விரதம்' என்று ஒரே வார்த்தை. சாமி விஷயம், நமக்கெதற்கு வம்பு என்று அந்தப் பக்கங்களை மட்டும் மரியாதையாகப் புரட்டிவிட்டேன். மண்டு.

மூன்றாவது வாரம்தான் உறைத்தது. கூத்தெல்லாம் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. விரதத்துக்கு மறுநாள், தவறாமல்.

"திங்கள் சிவனுக்கு, சனி பெருமாளுக்கு. சரி, வியாழக்கிழமை?"

"விவேக் நகர் குழந்தை இயேசுவுக்கு மேடம்."

இந்த ஊரில் அது அதிசயமில்லை. பொட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர் அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆனால் அதற்காகப் பட்டினி கிடந்தவர்களை நான் பார்த்ததில்லையே! "அப்படி என்ன வேண்டுதல்?" என்றேன், சும்மா தெரிந்துகொள்ளும் ஆசையில்.

நோட்டை மூடி வைத்தாள். "எந்தச் சாமிக்கும் இல்ல மேடம். விரதம்னு சொன்னா யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டாங்க. தின்னதுக்கு ஈடு கட்டிடலாம்."

அடிப்பாவி! அவளை இல்லை, என்னைத்தான் திட்டிக்கொண்டேன். பட்டினி போட்ட உடம்புதான் மறுநாள் அந்தக் கையை ஏவியிருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை கொஞ்சமாக ஏதாவது, எல்லாம் நேரத்துக்கு என்றேன். ராத்திரி எவ்வளவு தின்றிருந்தாலும் காலையில் இட்லி உண்டு. "ஊதிடுவேன் மேடம்!" என்று சண்டைக்கு வந்தாள். முதல் வாரம் இரண்டு தடவை பழையபடி தின்றாள். மூன்றாவது வாரம் ஒரே தடவை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் வந்தாள். வியாழக்கிழமை முகூர்த்தமாம். முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாம்பார் வரும்போது எதிர் வரிசையிலிருந்து பெரியம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏண்டி, இன்னிக்கு உனக்கு விரதமாச்சே!" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பசிக்குது பெரியம்மான்னு சொன்னேன்."