தவமலர் திருத்திச் சொன்ன முடிவுகள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மகள் ஆதிரா விழித்திருக்கும்போது இதை என்னால் எழுத முடியாது. தவமலருக்கு ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தருகிறேன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுப்போம் என்று நம் வாசகர் வட்டத்தில் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். மூன்று நாளாக எழுதுகிறேன். இது அச்சுக்குப் போகக்கூடியதாக வரவில்லை. அதனால் உங்கள் ஆறு பேருக்கும் தனித்தனியே அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

அன்று காலை ஆதிராவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பின்னல் முடிந்து மற்றதைப் பிரித்திருந்த நேரம் தவமலரின் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, தவக்காவை டிப்பர் அடிச்சிட்டுது."

"எந்த ஆசுபத்திரி?"

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகேல்ல அக்கா. ரோட்டிலதான் கிடக்கிறா."

முரசுமோட்டைச் சந்திக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருந்தார்கள். தலைக்கவசம் வயல் வரம்பில் கிடந்தது. இரத்தம் நிறையப் போயிருந்ததால், அந்த டிப்பரில் இருந்த மணலையே அள்ளி ரோட்டில் கொட்டியிருந்தார்கள். மணல் அதை முழுவதும் குடிக்கவில்லை. பதினொரு வருடம் மாங்குளத்துக்கு அங்கால் நிலத்தில் குந்தியிருந்து கண்ணிவெடி கிளறியவள். ஒரு விரலுக்குக்கூடக் கீறல் விழவில்லை.

அவள் எப்படி ஆங்கில நாவல் வாசிக்கத் தொடங்கினாள் என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. கண்ணிவெடி அகற்றும் முகாமில் பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி புத்தகத்தை விட்டுப்போனாள். எல்லாம் ஒரே வகை: வருங்காலத்தில் ஒரு கொடிய அரசு, வலயம் வலயமாகப் பிரித்து அடைத்துவைத்த சனங்கள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் கையில் ஆயுதம். அகராதியை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக முடித்தாள். பக்கம் தாண்டமாட்டாள். "தாண்டினா என்னத்தை விட்டிட்டு வந்தம் எண்டு தெரியாது" என்பாள். கிளறாத நிலத்தில் சிவப்பு முனைக் குச்சி நடுவது கண்ணிவெடி அகற்றுபவர்கள் வழக்கம். அதேபோலப் பிழை என்று படும் இடத்திலெல்லாம் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்திலே காரணமும் எழுதுவாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நம் ரியூசன் கொட்டிலில் அவள் அந்தக் கதைகளைத் தமிழில் சொன்னதை மறந்திருக்கமாட்டீர்கள். வாயில் நுழையாத பெயர்களை எறிந்துவிட்டு அமுதா, வெண்ணிலா என்று தானே பெயர் வைப்பாள். கதையைவிட அவளுடைய அபிப்பிராயங்களுக்காகத்தான் நாங்கள் போனோம். ஒரு நாவலில், பிள்ளைகளைக் கொண்டுபோகும் நாளைக் குறித்து அரசு வீட்டுக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பும். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"கடிதம் போட்டிட்டு வாறாங்களாம். நல்ல மரியாதை தெரிஞ்ச ஆக்கள்."

முதலில் சிரித்தவர் நம் வட்டத்தின் தலைவர். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவளைப் பதினாறு வயதில் இயக்கத்துக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மதில் ஏறிக் குதித்தவளைக் காலில் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மதிலில் பதித்திருந்த போத்தல் கண்ணாடி ஓடு கிழித்த தழும்பு அவள் முழங்கையில் கடைசிவரை இருந்தது.

பயிற்சி முகாமில் இருக்கும் கதாநாயகிக்கு நீளப் பின்னல் இருந்தால் சிவப்புக் கோடு. "முதல் நாளே வெட்டிப்போடுவினம். ஓடினா அடையாளம் தெரியவேணுமே." பக்கத்தில் விழுந்த செல் குண்டின் சத்தம் காதைப் பிளந்தது என்றிருந்தால் சிவப்புக் கோடு. "பக்கத்தில விழுறதுக்குச் சத்தமே கேக்காது. புழுதிதான் வரும். பிறகு பக்கத்தில நிண்டவளைத் தேடுவம்." கதாநாயகி தப்பியோடும் நேரத்தில் இரண்டு பெடியன்களில் யாரை விரும்புவதென்று யோசித்தால் இரண்டு கோடு. "எனக்கெல்லாம் அந்த நேரம் ஒரு சோடிச் செருப்பிலதான் காதல்."

வலயங்களைப் பற்றி மட்டும் குறை சொன்னதில்லை. அவளுடைய அப்பா மலையகத்தில் தோட்ட லயத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர். "எங்கட அப்பாவின்ர வீட்டுக்கு நம்பர்தான் பேர். இதில எழுதினவர் ஒண்டும் புதுசாக் கண்டுபிடிக்கேல்ல" என்பாள்.

ஆதிராவுக்குப் பதினொரு வயது. அவள் இந்தக் கதைகளைக் கேட்கக்கூடாது என்று நான் தவமலரோடு சண்டை பிடித்திருக்கிறேன். பிள்ளை இரவில் மூத்திரம் போகப் பயப்படுகிறாள், உனக்குப் பிள்ளை இல்லை, விளங்காது என்றேன். சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. அவள் கோபப்படவில்லை. "ஷர்மி, அவள் பயப்பிடுறது கதைக்கில்லை. கதை சொல்லேக்க உன்ர முகம் போற போக்கைப் பாத்து" என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் நான் அவளோடு கதைக்கவில்லை. அந்த மாதம் இனிக் கிடைக்காது.

மேரி அன்ரி உங்களுக்குத் தெரிந்தவர்தான். கள்ளப்பாட்டுக் கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கிளிநொச்சியில் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் போராட்டம் இருக்கும் கொட்டகையில் மகளின் படத்தோடு குந்தியிருந்துவிட்டு, திரும்பும் வழியில் கருவாட்டுப் பையோடு நம் கொட்டிலுக்கு வருவார். வாசிக்கத் தெரியாது. கேட்பார். ஒவ்வொரு கதையிலும் ஒரே கேள்விதான்.

"பிள்ளை, அந்தப் பெட்டை கடைசியில தாயிட்டப் போறாளோ?"

"ஓம் அன்ரி. போறாள். தாய்தான் கதவைத் திறக்கிறா."

அந்த நாவலை நானும் வாசித்திருந்தேன். அதில் அவள் வீட்டுக்குப் போகவில்லை, எரிந்து சாகிறாள். அன்ரி போன பிறகு கேட்டேன்: "மற்றவை எழுதினதில கமாவுக்கும் பிழை பிடிக்கிறனி, நீ முடிவையே மாத்திச் சொல்லுறாய்."

"அது பிழையான முடிவு. நான் திருத்திப்போட்டன்."

நான்கு வருடம், எத்தனையோ கதை. ஒரு பெண்ணும் சாகவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று அவளுடைய தம்பி மூன்று புத்தகங்களை என்னிடம் தந்தான். அவள் நமக்குச் சொல்லிப் பாதியில் விட்ட கதையும் அதில் ஒன்று. அன்று பின்னேரமே அதன் ஓரக் குறிப்பு ஒன்றை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "எவ்வளவு நுணுக்கமான வாசகி" என்று மேலே எழுதியிருந்தேன். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். அந்தக் குறிப்பு இது:

"பக்கம் 271. பிழை. வயித்தில பட்டவள் இவ்வளவு கதைக்கமாட்டாள். இசை மூண்டு தரம்தான் வாய் திறந்தவள். மூண்டு தரமும் தண்ணி. குடுக்கக்கூடாதெண்டு சொல்லித்தந்தவை. மூண்டாம் தரம் குடுத்தனான். உப்புத் தண்ணி, வேற இல்லை. குடல் வெளியில. கையால அமத்திப் பிடிச்சனான், சூடு. மண் போட நேரம் காணாது, கால் தெரிஞ்சது. செருப்பைக் கழட்டி நான் போட்டனான்."

இசை என்பது அமுதா, வெண்ணிலா போல அவள் ஒரு பாத்திரத்துக்கு வைத்த பெயர் என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நினைவுக் குறிப்புக்காக நாவலை முழுவதும் வாசித்தேன். 271ஆம் பக்கத்தில் வயிற்றில் குண்டு பட்டுச் சாவது ஒரு கிழட்டுக் காவலாளி. இசை என்று பெயர் வைக்கத்தக்க ஒருத்தியும் அந்தப் புத்தகத்தில் இல்லை. கடைசி வெள்ளைத்தாளில் அதே சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தது:

"இசை. வீட்டுப் பேர் பிரிஜெற். கள்ளப்பாடு. தாய் மேரி. ரெண்டு பனைக்கும் நடுவில, கடல் பக்கம் தலை."

கொண்டுபோன பிள்ளைகளுக்கு இயக்கத்தில் வேறு பெயர் வைப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. அன்ரி நெஞ்சோடு பிடித்திருக்கும் படத்தின் கீழே பிரிஜெற், வயது பதினேழு என்று எழுதியிருக்கிறது. படத்தோடு அவர் கொட்டிலுக்குள் வந்த முதல் நாளே தவமலர் அந்த முகத்தைக் கண்டிருப்பாள். நான்கு வருடம் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, தாய் கதவைத் திறக்கிறா என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அவள்மேல் கோபம். செத்தவள்மேல் இப்படிக் கோபப்படலாமா தெரியவில்லை. அவள் மறைத்தது இரக்கத்தாலா, அந்தச் செருப்பை எடுத்ததற்கு வெட்கப்பட்டா என்று கேட்க இனி ஆள் இல்லை. இறப்புச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களிடம் அன்ரி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "எலும்பைக் காட்டுங்கோ, பிறகு கதைப்பம்." எலும்பு எங்கே என்பது இப்போது என் மேசையில் கிடக்கிறது. ஆதிராவாக இருந்தால் எனக்குத் தெரியவேண்டும் என்று காலையில் நினைக்கிறேன். உப்புத் தண்ணீரும் குடலும் தெரியவே கூடாது என்று மத்தியானம் நினைக்கிறேன். சொல்வதென்றால் எவ்வளவு சொல்வது? இடத்தை மட்டும் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாரே.

தவமலரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டவை அதிகமில்லை. பக்கம் தாண்டாமல் வாசிப்பது ஒன்று. பிழையைக் கண்டால் ஓரத்தில் காரணத்தோடு எழுதவேண்டும் என்பது ஒன்று. மூன்று புத்தகங்களில் இரண்டை ஆதிராவிடம் கொடுத்துவிட்டேன், வாசிக்கட்டும். மூன்றாவதை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் மேரி அன்ரி தொலைபேசி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டிக்கு முதல் பஸ்ஸில் வருகிறாராம்.

"பிள்ளை, தவம் அந்தக் கதையை முடிக்காமல் போயிட்டுது. புத்தகம் உன்னட்ட எண்டு தம்பி சொன்னவன். நீ வாசிச்சனியோ?"

"வாசிக்கிறன் அன்ரி. இன்னும் முடிக்கேல்ல."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சொல்லு. அந்தப் பெட்டை வீட்ட போறாளோ எண்டு மட்டும் சொன்னாப் போதும்."

முடிக்கவில்லை என்று சொன்னது பொய். இதை நான் தனியாகத் தீர்மானிக்கக்கூடாது. எனக்குத் துணிவும் இல்லை. நான் குழுவில் போட்ட குறிப்பை உங்கள் தொலைபேசிகளிலிருந்து அழித்துவிடுங்கள். பதிலையும் குழுவில் போடவேண்டாம், எனக்குத் தனியே எழுதுங்கள். சொல்லலாமா, வேண்டாமா, சொல்வதென்றால் உங்களில் யார் என் பக்கத்தில் இருப்பீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். இன்றைக்கு வியாழன். கெதியாகப் பதில் போடுங்கோ.